எண்ணூறு மூட்டை

லோம்வேர்
9 பிப்ரவரி 1987

எய்லிஃபுக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஐந்து மாதமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூட நிலவறையில் குழாய் வெடித்துவிட்டது. பேண்டு வாத்தியம் வாசிக்கும் பிள்ளைகளின் சீருடைகள் எல்லாம் அங்கேதான் தொங்கின. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் நீலக் கோட்டுகள் பூஞ்சை பிடித்துப் பச்சையாக இருந்தன. இரண்டு முரசுகளின் தோலும் போயிற்று. பேண்டைக் கலைத்துவிட்டுப் பிள்ளைகளை அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலத்தில் நம் ஊர்ப் பேண்டு புதுச் சீருடையில் நடக்கும், நான் பொறுப்பு என்று எழுந்து சொல்லிவிட்டேன். நான் மறுபடி உட்காருவதற்குள் என்னைத் தலைவியாக்கிக் கைதட்டியும் முடித்துவிட்டார்கள்.

பணம் சேர்க்க, மற்ற ஊர்களைப் போல வீடுவீடாக டாய்லெட் பேப்பர் மூட்டை விற்கப் போகிறோம். ராக்னா தன் பட்டியலில் முதல் ஆளாக "அப்பா, ஒரு மூட்டை" என்று எழுதியிருக்கிறாள். உன்னைக் கேட்காமல் எழுதக் கூடாது என்றேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

டோருன்

*

ஸ்டாவாங்கர் துறைமுகம்
21 பிப்ரவரி

அன்புள்ள டோருன்,

உன் கையெழுத்தைக் கண்டதும் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்து, கப்பலின் இயந்திர அறைக்குக் கொண்டுபோய்த்தான் பிரித்தேன். பச்சைக் கோட்டு என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டு மூட்டை என்று திருத்தச் சொல். என் அறையில் நான் படுத்தால் காலணிக்கு இடமில்லை, இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். ராக்னா இப்போது எக்காளம் எப்படி ஊதுகிறாள்? நான் புறப்பட்டபோது மூன்று சுரம் வந்தது, பக்கத்து வீட்டு நாயும் கூடப் பாடியது.

நீ கூட்டத்தில் எழுந்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். பாவம் அந்தப் பெற்றோர்கள். ஒரே ஒரு மனக்குறை: ராக்னா எனக்கு மாதாமாதம் எழுதுகிறாள். அவள் கடிதத்தின் அடியில் நீயும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எய்லிஃப்

*

லோம்வேர்
11 மார்ச்

எய்லிஃப்,

நான் ஒரு முட்டாள். ஊரில் யாரிடமும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

எண்பது மூட்டைக்கு ஆர்டர் எழுதினேன். என் சுழியத்துக்கு ஒரு வால் உண்டு என்று நீ கேலி செய்வாயே, அந்த வாலை இன்னொரு சுழியமாகப் படித்துவிட்டார்கள். நேற்றுக் காலை ஃபெர்ரிக் கப்பலிலிருந்து ஒரு பெரிய லாரி இறங்கி நேரே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் தீவுல எத்தனை பேரு இருக்கீங்க?"

"முந்நூத்திப் பத்து."

"எல்லாருக்கும் வயிறு சரியில்லையா?"

திருப்பி எடுக்க மாட்டார்களாம். உடற்பயிற்சிக் கூடம், தேவாலயத்தின் பின்னறை, உன் படகுக் கொட்டகை எல்லாம் கூரைவரை நிறைந்துவிட்டன. இரண்டு மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சீருடையும் இல்லை, பேண்டும் இல்லை. பேண்டு ஆசிரியை ஹால்டிஸ் மட்டும் மூட்டைகளைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் கண்ணில் நீர்தான், ஆனால் சிரிப்பு இல்லை. ராக்னா பேப்பர் சுருளால் கோட்டை கட்டி விளையாடுகிறாள்.

டோருன்

*

ஸ்டாவாங்கர்
20 மார்ச்

அன்புள்ள டோருன்,

முதலில் சிரித்தேன், மன்னித்துவிடு. சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன், கேப்டன் மீன்சூப்பை மூக்கு வழியாக விட்டார்.

பிறகு வேலையில் இறங்கினோம். கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடைகளில் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் மனிதர்கள்தான். நாங்கள் சரக்கு கொண்டுபோகும் மூன்று மேடைகளின் பண்டகப் பொறுப்பாளர்களிடமும் பேசிவிட்டேன். முந்நூறு மூட்டை எடுத்துக்கொள்கிறார்கள். மீன்படகு அனுப்பு. மிச்சத்துக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றும், தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். போன செப்டம்பரில் துறையில் நின்று, "நீ இல்லாமலே நாங்க பழகிட்டோம், எய்லிஃப்" என்றாய். அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினேன். பேசாமல் போவது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அது சோம்பேறித்தனம்.

எய்லிஃப்

*

லோம்வேர்
16 ஏப்ரல்

அன்புள்ள எய்லிஃப்,

இன்று குரலே இல்லை, அதனால் எழுத்தில் கத்துகிறேன். மிச்சத்தையும் விற்றுவிட்டோம்!

வழி சொன்னது ஃபெர்ரி வரிசைதான். ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. விடுமுறைக்கு மலைக்குடிலுக்குப் போகிறவர்கள் கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகளும் பின்னிருக்கையில் ஆரஞ்சுப் பழமுமாக, அக்கரைத் துறையில் மூன்று மணி நேரம் காரிலேயே கிடப்பார்கள். எல்லாம் எடுத்து வைத்திருப்பார்கள், இதை மட்டும் மறந்திருப்பார்கள். இருபத்து மூன்று பிள்ளைகளையும் மஞ்சள் மழைக்கோட்டில் அங்கே இறக்கினோம். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. பிள்ளைகள் விடாமல் வாசித்தார்கள். நாங்கள் வாஃபிளும் காப்பியும் மூட்டையுமாகக் காருக்குக் கார் ஓடினோம்.

ஒரு மனிதர் கண்ணாடியை இறக்கி ராக்னாவிடம், "பாப்பா, இந்தச் சத்தத்தை நிறுத்த என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவள் எக்காளத்தை இறக்கவேயில்லை. "ரெண்டு மூட்டை. எங்க டீச்சரும் வாசிக்கக் கூடாதுன்னா நாலு."

அவர் நாலு வாங்கினார். பின்னால் இருந்த கார்க்காரர்கள் கேட்டுவிட்டு, அவர்களும் நாலு நாலாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசி மூட்டைக்கு இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். ஹால்டிஸ் பிரித்துப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்.

சீருடை வாங்கி, முரசு வாங்கி, அதற்கு மேலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ராக்னா ஈரக் காலுறையோடு என்னைக் கட்டிக்கொண்டு, "இதை அப்பா பாத்திருக்கணும்" என்றாள். நானும் வரிசை முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று துறையில் நான் சொன்னது பொய். பழகவில்லை.

டோருன்

*

லோம்வேர்
18 மே

என் எய்லிஃப்,

நேற்று வெயில்! புது நீலக் கோட்டு எல்லோருக்கும் ஓரளவு பெரியது, வளர்வார்கள் என்று வாங்கினேன். தேவாலயத்துத் திருப்பத்தில் ராக்னாவின் தனி வாசிப்பு. ஒரு சுரம்கூடத் தவறவில்லை. பேண்டைக் கலைக்கச் சொன்னவர்களே முன்வரிசையில் நின்று கொடியாட்டினார்கள். இரண்டு முறை மட்டும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்.

நம் ஃபெர்ரியில் இயந்திரம் பார்க்கிறவர் ஜூலையோடு ஓய்வு பெறுகிறார். சம்பளம் உனக்கு இப்போது வருவதில் பாதிகூட இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். விண்ணப்பத் தாளை வாங்கி உறையில் வைத்திருக்கிறேன். யாருக்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு என்றேன்.

டோருன்

*

ஸ்டாவாங்கர்
27 மே

என் டோருன்,

தாளை நிரப்பி இன்று தபாலில் போட்டுவிட்டேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஜூன் ஆறாம் தேதி காலை ஃபெர்ரியில் வந்து இறங்குகிறேன். கேப்டனிடம் கணக்கு முடித்துவிட்டேன். இங்கே என் பொருள் எதையும் விட்டு வரவில்லை.

எய்லிஃப்