கலப்பரிசி

மதினி,

உங்கள் தகர டப்பாவை இன்று காலை திறந்தேன். காய்ந்த வேப்பிலையும் பழைய அரிசியும் கலந்த வாடை குப்பென்று வந்தது. டப்பா காலி. அதை நான் எப்படிக் காலி செய்தேன் என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர்களிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நம் வேதக்கோயிலில் இப்போது பதினாறு மின்விசிறிகள். ஒவ்வொன்றின் இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பெயர். ஓடும்போது படிக்க முடியாது என்பதால் ஆராதனை நேரத்தில் கரண்டு போனால் சந்தோஷப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். தசமபாகக் கவரைக் காணிக்கைத் தட்டில் போடும்போது பெயர் மேலே தெரிகிறதா என்று பார்த்துத் திருப்பி வைப்பேன். பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவீர்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு மைக் பிடிப்பது அப்போதெல்லாம் நான்தான். அகரத்துக்காரர்களின் வாழைத்தார், செம்பட்டிக்காரர்களின் தேங்காய் மூட்டை என்று வந்த காணிக்கையைப் பெயர் சொல்லி வாங்கி, பிறகு ஏலம் விடுவேன். அந்த வருஷம் மேசைமேல் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. பிரித்தால் புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. மைக்கில் கேட்டேன்:

"யாருப்பா இது? சாமிக்குக் கொண்டாந்ததா, கோழிக்குக் கொண்டாந்ததா?"

கோயிலே சிரித்தது. போதகரும் சிரித்தார்.

"என்னுது தம்பி" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

அண்ணன் போன பிறகு, பாய் பிரியாணிக் கடையில் வெங்காயம் உரித்துத்தான் மகளை வளர்த்தீர்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி இந்த டப்பாவில் போடுவீர்கள். அன்றைக்கு வீட்டில் எது இருந்ததோ அது. ரேஷன் வாங்கிய வாரம் ரேஷன் அரிசி, பாய் கொடுத்தனுப்பிய நாளில் சீரகச்சம்பா. ஒரு வருஷமாக வயிற்றுக்குக் குறைத்து எடுத்து வைத்ததைத்தான் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். நான் கோழியைக் கூப்பிட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க என்று வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனேன்.

"நல்ல அரிசியா ஒரு கிலோ வாங்கிக் குடுத்துட்டுப் போலாம்ல மதினி? நம்ம மானம்ல போகுது."

"கடையில வாங்கிக் குடுத்தா அதோட முடிஞ்சுபோகும் தம்பி. தெனமும் ஒரு பிடி கொறையிறப்ப, இம்புட்டும் ஆண்டவரு குடுத்ததுதானேன்னு நெனப்பு வருதுல்ல, அதுக்குத்தான்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த வருஷம் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய்விட்டீர்கள். அடுப்படியை ஒழித்த உங்கள் மகள், முக்கால்வாசி நிறைந்திருந்த டப்பாவை என் கையில் கொடுத்தாள். "சித்தப்பா, இதை அப்படியே கோயில்ல சேக்கச் சொன்னாங்க அம்மா. பேரு சொல்ல வேணாமாம்."

ஒரே ஒரு வேலை. அதற்கும் எனக்கு வக்கில்லை. அந்தக் கலப்பரிசியோடு எல்லோர் முன்னாலும் நடந்து போவதை நினைத்தாலே கூசியது. கடையில் முதல்தரச் சீரகச்சம்பா ஐந்து கிலோ வாங்கினேன். புதுப் பையின் அடியில் உங்கள் அரிசியைக் கொட்டி, அது தெரியாதபடி மேலே சம்பாவைப் பரப்பினேன்.

இப்போது மைக் வேறொருவர் கையில். பையைத் திறந்தவர், "அருமையான அரிசிங்க! யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்றேன் மதினி. நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். கை தட்டினார்கள். அடியில் கிடந்த உங்களுக்கு யார் தட்டினார்கள்?

கேவலமாகத்தான் இருந்தது. அதனால்தான் இன்று காலை டப்பாவை எடுத்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பிடி அரிசி அள்ளினேன். டப்பாவில் போடுவதற்கு முன் என் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது, யாராவது பார்க்கிறார்களா என்று.

ஒருவரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.