உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன்

என் மகள் தரணிக்கு,

நேற்றுக் காலை கூடத்தில் இருந்தவர்கள் உன் அப்பா, உன் சித்தப்பா, நான், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா. வேறு யாரும் இல்லை.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். “ஒரே பையன், மோகன்ராஜ்” என்றார் அப்பா.

“பையன் இல்லம்மா, பொண்ணு. பேரு தரணி. ஸ்ரீ சிட்டி ஃபேக்டரியில வேலை செய்யறா” என்றேன்.

ஆண், பெண், மூன்றாம் பாலினம் மூன்றில் எதைப் போடுவது என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். சித்தப்பாதான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“இன்னா அண்ணி, ஊரு சிரிச்சிக்கினு கிடக்கறது பத்தாதா? கவர்மெண்ட்டும் சிரிக்கணுமா?”

வருஷா வருஷம் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு என் பட்டுப் புடவையைக் கட்டி, பூ வைத்துத் தெருவில் போகிறவர் இவர். அம்மன் வேஷம் என்று நானே காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். “நீங்க கட்டினா பக்தி, என் பொண்ணு கட்டினா அசிங்கமா?” என்று கேட்டேன்.

“நான் மறுநாள் அவுத்துடறேன் இல்ல?” என்றார்.

இனி என் புடவையைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்குக் காபி கொடுக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்றாள் டீச்சரம்மா. அதுதான் நியாயம். நானாக ஒன்றைச் சொன்னால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த வியாழக்கிழமை திரும்ப வருகிறாள்.

பெண் என்று சொல்லட்டுமா, மூன்றாம் பாலினம் என்று சொல்லட்டுமா? அதற்குள் பதில் போடு.

உன் அம்மா