முதுகில் ஊறிய மருந்து

இன்று காலை பக்கத்து வயலில் மருந்து அடித்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அழுகை வரவில்லைங்க, ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. டீக்கடையில் இன்னும் அதே பேச்சு: "பொண்டாட்டியோட சண்டை, பூச்சிமருந்தக் குடிச்சுட்டான்."

சண்டை போட்டோம்தான், யார் இல்லையென்றது? சாப்பிடாமல் மருந்து அடிக்கக் கிளம்புகிறீர்களே என்று கத்தினேன். "வந்து ரெண்டு மடங்கா திங்கிறேன், வாய மூடுடி" என்று சிரித்தீர்கள். சாக நினைத்த மனுஷன் பேசுகிற பேச்சா அது?

ஸ்பிரேயர் முதுகை அழுத்துகிறது என்றீர்கள். என் பழைய நூல் சேலையை நாலாக மடித்து முதுகில் வைத்துக் கட்டிவிட்டேன். டேங்க் கசிவது நம் இரண்டு பேருக்கும் தெரியும். கசிவதைத் துணி வாங்கிக்கொள்ளும், உடம்பில் படாது என்று நினைத்தோம். மத்தியானம் வரை அந்த ஈரச் சேலை உங்கள் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

வீட்டுக்கு வரும்போதே எச்சில் ஒழுகியது, கண்ணில் நீர் கொட்டியது, தொடைச் சதை தானாகத் துடித்தது. "மூச்சு முட்டுதுடி" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

ஏன் இப்படி ஆனது என்று டாக்டரம்மாவை நகரவிடாமல் கேட்டேன். பாவம், உட்கார்ந்து சொன்னார்.

"நரம்புக்கும் சதைக்கும் நடுவுல கண்ணுக்கே தெரியாத இடைவெளி இருக்கும்மா. நரம்பு அங்க ஒரு ரசாயனத்தை விடும். சதை அந்தச் சேதிய வாங்கி அசையும். உடனே அந்த ரசாயனத்தை அழிக்க ஒரு நொதி இருக்கு. பூச்சிமருந்து அந்த நொதிய முடக்கிடுது. ரசாயனம் அங்கேயே தேங்கி, சேதி ஓயாம போய்க்கிட்டே இருக்கும். கடைசியில மூச்சு விடுற சதை ஓஞ்சுடும். பூச்சிக்கும் நமக்கும் அதே ரசாயனம்தான்."

திறந்த மடையை மூட ஆளில்லாத வயல் என்று எனக்குப் புரிந்தது.

"குடிச்சாதான் இப்படி ஆகுமாங்க?"

"தோல் வழியா போனாலும் இதேதாம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. இன்று காலை அந்த வாடை வந்ததும், துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டு, உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடவாசலுக்குப் பஸ் ஏறினேன். "கண்ணீர் அஞ்சலின்னு போட்டுடலாமாக்கா?" என்றார் கடைக்காரர். வேண்டாம், நான் சொல்வதைப் போடுங்கள் என்றேன்.

"இவர் மருந்து குடிக்கவில்லை. வயலுக்கு மருந்து அடித்தார். கசிந்த டேங்கும், நான் முதுகில் கட்டிய துணியும் அவர் உயிரை எடுத்தன. மருந்தில் நனைந்த துணியோடு யாரும் நிற்காதீர்கள். இப்படிக்கு, மனைவி."

கடைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். "அக்கா, உங்க தலையிலயே பழியப் போட்டுக்கிறீங்களே. ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போகட்டும். எழுத்தப் பெருசா போடுங்க தம்பி, டீக்கடையில உக்காந்தே படிக்கணும்."

உங்கள் முதுகில் முடிச்சுப் போட்டது இந்தக் கைதாங்க. சாகும்வரை இது என்னோடு இருக்கும், இருக்கட்டும். நீங்கள் செய்யாத ஒன்றை உங்கள் பேரில் ஒட்டவிட மாட்டேன்.