தள்ளுபடியான தண்டம்

ஜேர்மனி,
12.03.2006

அன்புள்ள தம்பி நித்தியானந்தனுக்கு,

நீரும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும் என்று கடவுளை மன்றாடுகிறேன். இங்கே நானும் சுலோஜனாவும் நடமாடித் திரிகிறோம், அவ்வளவுதான். உமது கடிதமும் உமது மகள் நிருபமாவின் கல்யாண அழைப்பிதழும் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தன. மாப்பிள்ளை ஆசிரியர், நல்ல குடும்பம் என்று அறிந்து இருவரும் சந்தோஷப்பட்டோம்.

கடைசிப் பக்கத்தில் நீர் எழுதியதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கமலாம்பிகை அக்கா இருந்திருந்தால் முன்னின்று செய்திருக்கவேண்டிய காரியங்களை நானும் சுலோஜனாவும் வந்து செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறீர். உமது அக்காவின் செத்தவீட்டை நான் ஒருவனாக நின்று நடத்தினேனாம், கூடப்பிறந்தவன்கூட அப்படிச் செய்யமாட்டானாம். சுலோஜனா அதை வாசித்துவிட்டு அழுதாள். பிறகு, "இனியும் அந்தாளுக்குச் சொல்லாமல் இருக்கப்போறியளோ" என்று என்னைக் கேட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் மூன்று தரம் உமக்கு எடுத்தேன். மூன்று தரமும் இங்கே குளிர், அங்கே வெயிலோ என்று கதைத்துவிட்டு வைத்தேன்.

அக்காவுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டது, எல்லாம் பனியால் வந்தது என்றுதான் உமக்குச் சொல்லியிருந்தேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

பீலெஃபெல்டிலிருந்து இருபது நிமிடம் தள்ளி, மேட்டில் ஏறுகிற ஒடுக்கமான தெரு எங்களுடையது. அடிவளைவில் எங்கள் வீடு. உச்சியில், கடைசி வீட்டு மேல்மாடியில் அக்கா இருந்தார். போன நவம்பர் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை, விடியத் தொடங்கிய ஈரப்பனி நிற்காமல் கொட்டியது. பதினொரு மணிபோல நகராட்சி அவசரநிலை அறிவித்தது. பனி தள்ளும் வண்டி ஏறுவதற்காக, தெருவின் ஒரு பக்கத்தில் வாகனம் நிறுத்தக்கூடாது என்று தற்காலிகப் பலகைகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் பாண் தொழிற்சாலையில் விடிய நாலு மணிக்கே வேலைக்கு ஏறியவன். இரண்டு மணிக்கு வேலையால் வந்தபோது அந்தப் பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாளும் இடம் கிடைக்காத தெரு அது. வேறு யாரென்றாலும் ஏன் இந்த வெறுமை என்று யோசித்திருப்பான். நான் இன்றைக்கு நல்ல நேரம் என்று நினைத்து என் வான் வண்டியை அடிவளைவில் விட்டேன். பலகையைப் பனி மூடியிருந்தது உண்மை. ஆனால் கீழ்விளிம்பில் சிவப்பு தெரிந்தது. நான் கண்டேன் தம்பி. கொஞ்சம் படுத்தெழும்பி எடுத்துவிடலாம் என்றுதான் போனேன்.

நாலரை மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவுத் துவாரத்தால் பார்த்தேன். நீலச் சீருடையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். இனி நான் எழுதுவது உமக்கு விளங்குமோ தெரியாது. எண்பத்தாறில், இங்கே வந்த புதிதில், அகதி முகாமில் எட்டுப் பேர் ஒரு அறையில் கிடந்தோம். யூனிபோம் கதவைத் தட்டினால் லைற்றை நூர்த்துவிட்டு மூச்சுக்காட்டாமல் இருக்கவேண்டும் என்பது எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். நித்திரைக் கலக்கத்தில் திறந்த இரண்டு பேரைப் பிடித்து ஊருக்குத் திருப்பிப் பிளேனில் ஏற்றினார்கள். திறக்காததால் தப்பியவன் நான். இப்போது ஜேர்மன் பாஸ்போட் எடுத்து ஆறு வருடமாகிறது. வரி கட்டுகிறேன், வோட்டுப் போடுகிறேன். இருந்தும் அந்த நீலத்தைக் கண்டவுடன் என் கை தானாக ரீவியை நிறுத்தியது. சுலோஜனா திறக்கப் போனாள். கையைப் பிடித்து இழுத்து, பேசாமல் நில் என்று சைகை காட்டினேன். மூன்று தரம் அடித்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது. பிறகு படி இறங்கும் சத்தம் கேட்டது.

வானை எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். நம்பரை வைத்து வீட்டைத் தேடிப் பிடித்து, பனி வண்டியைக் கீழே காக்க வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இழுத்துப் போகும் வண்டியையும் கேட்டிருக்கிறார்கள். பெருந்தெருக்கள் அடைபட்டுக் கிடந்ததால் அது வரவில்லை. கடைசியில் பனி வண்டி எங்கள் தெருவை விட்டுவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது. இவ்வளவையும் அடுத்த நாள் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி சொல்லித்தான் அறிந்தேன். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நாங்கள் வீட்டில் இல்லை என்று நினைத்துச் சொன்னாள். நானும், ஓம், வெளியே போயிருந்தோம் என்றேன்.

அன்று ஆறு மணிக்கு அக்கா நெஞ்சு நோகிறது என்று தானே அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, எங்களுக்கும் அடித்தார். நான் சப்பாத்தைக் கட்டாமல் ஓடினேன். அதற்குள் அம்புலன்ஸ் வளைவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற வழியில்லை. வந்த இருவரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடந்து ஏறினார்கள். ஒரு பெட்டியை நான் தூக்கினேன். போகும்போது ஒருவர் என் வானைக் காட்டி, எந்த மடையன் இதைக் கொண்டுவந்து இங்கே விட்டது என்று ஏசினார். நான் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு ஏறினேன். அக்காவைக் கீழே கொண்டுவந்து சேர்க்க நாற்பது நிமிடம் சென்றது. என் கையைப் பிடித்தபடிதான் வந்தார். "ராசன், கதவைப் பூட்டினனியோ" என்று ஒரு தரம் கேட்டார். ஓம் அக்கா என்றேன். பிறகு அவர் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. வண்டி வீடுவரை போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரைக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார்.

ஓடித் திரிந்து செத்தவீடு நடத்தினேன் என்று நீர் புகழ்கிறீர். இருந்து யோசிக்கப் பயந்து ஓடினேன்.

தை மாதம், வானை அங்கே விட்டதற்குத் தண்டக் கடிதம் வந்தது. சிறு காசு, கட்டியிருக்கலாம். கட்டினால் நான்தான் செய்தேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலோசியஸ் கடிதத்தைக் கண்டதும் துள்ளினான். "காலமை போர்ட்டை வைச்சிட்டுப் பின்னேரம் தண்டம் அடிக்கிறது அநியாயம் அண்ணை, விடக்கூடாது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அடுத்த தெருவில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் துருக்கிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வியாழக்கிழமை காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனவள், பனியில் மாற்று ஆள் வராததால் சனிக்கிழமைதான் வீடு திரும்பினாள். பலகை வைத்ததே அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் தண்டம். எதிர்த்து எழுதினாள், சாட்சி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். எனக்குச் சாட்சி இருந்தது. அக்காவின் செய்தி கேட்டு மறுநாள் காலை வந்த அலோசியஸ் தெருவின் கோலத்தைப் படமெடுத்திருந்தான். அதற்குள் பலகையில் இன்னும் ஒரு சாண் பனி ஏறி, சிவப்பும் மறைந்துபோயிருந்தது. பலகை கண்ணுக்குத் தெரியவில்லை, அந்த நேரம் வீட்டிலும் இருக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் தண்டம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அலோசியஸ் தின்ன ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். தமிழன் ஒருத்தன் வென்றுவிட்டானாம். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

உமது கடிதம் வந்த மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். நான் பொய் எழுதிவிட்டேன், தண்டத்தைக் கட்டுகிறேன் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, அது முடிந்த கோப்பு, வீட்டுக்குப் போங்கள் என்றாள். அக்காவைப் பற்றியும் சொன்னேன். தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், நான் திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி, இதை வாசித்த பிறகு என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவேண்டாம். நீர் கூப்பிட்டாலும் அக்காவின் இடத்தில் வந்து நிற்க எனக்கு முகமில்லை. சுலோஜனாமீது கோபிக்கவேண்டாம், அவள் திறக்கத்தான் போனாள். நிருபமாவுக்கு இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம், பிள்ளை சந்தோஷமாகத் தாலி கட்டிக்கொள்ளட்டும். அவள் குறையில்லாமல் வாழவேண்டும் என்று சாமிப்படத்துக்கு முன்னால் தினமும் கேட்கிறேன்.

உம்மிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. விதியென்றும் சொல்லிவிடவேண்டாம், அந்தச் சொல்லை இங்கே எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். சட்டம் என்னை விட்டுவிட்டது. நீர் விடவேண்டாம். உமது அக்காவை நான் கொன்றேன் என்று தோன்றினால் அப்படியே எழுதும். இனி முகத்தில் முழிக்காதே என்றால் அதையும் எழுதும். உமது கையால் எதையாவது எழுதி அனுப்பும். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடவேண்டாம்.

உமது அண்ணன் என்று எழுத இன்று கை வரவில்லை,
இராசலிங்கம்