அம்மாவுக்கு முற்றுப்புள்ளி

திங்கள். தூறல். சாக்ஸ் காயவில்லை.

தமிழ் வகுப்பில் நாங்கள் ஏழே பேர். மீதி எல்லாரும் கன்னடம் எடுத்துத் தப்பித்துவிட்டார்கள். ஸ்டெல்லா மிஸ்ஸின் புதுப் பைத்தியம்: வீட்டில் கேட்ட பேச்சை எழுதி வரணும். முழு வாக்கியம் ஒன்று, துண்டு ஒன்று, நிற்காமல் ஓடுவது ஒன்று.

"மிஸ், எதுக்கு மிஸ்?"

"எதுக்குன்னா... அது... ஏய், பேசாதே!"

மிஸ்ஸே துண்டு துண்டாகத்தான்.

செவ்வாய். துண்டு சுலபம். அப்பா வாயைத் திறந்தாலே துண்டு: "உப்பு." "சாவி." "ம்."

முழு வாக்கியம் பேச எங்கள் வீட்டில் ஆளில்லை. சர்ச் வாசல் போர்டில் சுட்டேன்: "செல்போனை அணைத்து வைக்கவும்."

ஓடுவதற்கு அம்மா. என் ஃபுட்பால் மேட்ச் ஒன்றுகூட விடமாட்டாள், கோட்டோரம் நின்று மானத்தை வாங்குவாள். ரெஃப்ரியிடம் பேசும் கன்னடத்தோடு அப்படியே எழுதினேன்: "ஓடுடி ஓடு அந்தப் பக்கம் காலி லேஸைக் கட்டுடி தின்ன பிரியாணியெல்லாம் எங்க போச்சு ஏன்ரீ ரெஃப்ரி கண்ணு தெரியலையா என் பொண்ணத் தள்றா பாருங்க"

புதன். நடித்தும் காட்டினேன். இடுப்பில் கை, துப்பட்டா பறக்க. இர்பான் பெஞ்சிலிருந்து விழுந்தான். மிஸ்ஸுக்கே கண்ணீர். சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டார்கள். கீழே: "ஜெனியின் அம்மா". நான் ஒரு ஜீனியஸ்.

வெள்ளி. பேரன்ட்ஸ் மீட்டிங். மறந்தே போனேன், மடச்சி.

மிஸ் பெருமையாக அம்மாவை சார்ட் முன்னால் நிறுத்தினார்கள்: "உங்க பொண்ணு கொண்டுவந்ததுதாங்க பெஸ்ட்!" பின்னால் இர்பான் இடுப்பில் கை வைத்து, "ஓடுடி ஓடு!" எருமை.

அம்மா மெதுவாகப் படித்தாள். "ஓ" என்றாள்.

ஸ்கூல் இருக்கும் காக்ஸ் டவுனிலிருந்து வீடு வரை பஸ்ஸில் அவள் பேச்சு அவ்வளவுதான். கண்டக்டரிடம் சில்லறைக்குக்கூடச் சண்டை போடவில்லை.

"நாளைக்கு மேட்ச்மா."

"ம்."

இது அப்பாவுடையது. அம்மா எதற்குத் திருடுகிறாள்?

சனி. வெயில். வந்தாள். கோட்டோரம் அதே இடம், வாய் மட்டும் பூட்டு. என்னைத் தள்ளினார்கள், ரெஃப்ரி விசில் ஊதவில்லை. அம்மா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். லேஸ் அவிழ்ந்தே ஓடினேன், வேண்டுமென்றே. ஒன்றும் இல்லை. கோல் போட்டேன். கைதட்டல் மட்டும்.

முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நன்றாக விளையாடினாய். லேஸைக் கட்டிக்கொள்ளவும்."

சர்ச் போர்டு.