காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு, சபிஹாவின் ஸலாம். முட்டிவலி தேவலையா? என் பிள்ளை அல் அமீன் என்னைக் கேட்டு அழுகிறானா? நான் நலம். மதுரையில் வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். திங்கட்கிழமை எங்கள் கொரோனா வார்டுக்கு வண்டியூரிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். லேசான காய்ச்சல்தான். நான்தான் கேஸ் ஷீட் எழுதினேன்.

“வேற நோயெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். எடை மட்டும் போட வேணாம், கண்ணு பட்டுரும்” என்றாள் அவன் தாய். நம் வீட்டுப் பேச்சும் அதுதானே. சிரித்துக்கொண்டே ஷீட்டில் எடைக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அவனுக்கு மூச்சு வாங்கியது. ஐ.சி.யூ.வுக்கு மாற்றும்போது டாக்டர் எடை பார்த்தார். ஐம்பத்திரண்டு கிலோ. “இம்புட்டு எடையுள்ள பிள்ளைக்குக் கொரோனா வந்தா சட்டுன்னு மோசமாயிரும்மா. மொத நாளே தெரிஞ்சிருந்தா கூடவே இருந்து பாத்திருப்போமே” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பயப்படாதீர்கள், இன்று அவன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் ரசாக் அண்ணன் இந்தக் கடிதத்தோடு உத்தமபாளையம் வருகிறார். அல் அமீன் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை, அவன் வாசம் போகாமல், துவைக்காமல் அவரிடம் கொடுத்தனுப்புங்கள். இன்னொரு காரியம். நம் பிள்ளையை நானும் இதுவரை எடை பார்த்ததில்லை. கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டே அவனைத் தராசில் ஏற்றுங்கள், அம்மா. அண்ணன் ஹாரன் அடிக்கிறார். எத்தனை கிலோ என்பதைக் குறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் சபிஹா