மூடாத குழாய்

உம்மாவுக்கு ஸலாம். முட்டி வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அரசின் பருவநிலைத் திட்டம் பற்றி இங்குள்ள நம் சமூக மக்களிடம் கருத்துக் கேட்பதுதான் இப்போது என் வேலை. நேற்று பள்ளிவாசலில் ஒரு டாக்சி டிரைவரிடம், “தண்ணீர் சிக்கனத் திட்டம் தெரியுமா?” என்றேன்.

“தெரியாதுங்க.”

படிவத்தின் விதிப்படி ‘அக்கறை இல்லாதவர்’ என்று குறித்தேன். பிறகு இருவரும் தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தோம். அவர் ஒரே குவளைத் தண்ணீரில் முடித்துவிட்டு, எட்டி, ஓடிக்கொண்டே இருந்த என் குழாயை மூடினார்.

“கணக்கெடுக்குற தம்பி, இதையும் எழுதிக்குங்க.”

கேள்வியே தப்பு என்று மேலதிகாரியிடம் மல்லுக்கட்டினேன். மாற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். நம் ஆட்களுக்கு அக்கறையில்லை என்று அறிக்கை வர விடமாட்டேன்.

காத்திருந்த பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். உங்கள் ஒளுச் செம்பை அனுப்பிவையுங்கள். “குழாயை மூடுடா” என்று உங்களைப் போல அதட்ட என் அறையில் ஆளில்லை.